பிஸ்கட் டப்பாவில் ஒரு நகல்

மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டு விடுதிப் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். அங்கிருந்த லினக்ஸ் கணினியையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். வாணியம்பாடியிலிருந்து வந்த கம்ப்யூட்டர் டீச்சர்தான் எனக்குத் துணை. அடிவாரத்து டவரிலிருந்து வரும் இணையத்தைப் பள்ளி முழுக்கப் பிரித்துக் கொடுப்பது அந்த ஒரே கணினி. அதன் அமைப்புக் கோப்புகளை மாதம் ஒருமுறை பென்டிரைவில் நகலெடுத்து வைப்பது என் வேலை.

சில கோப்புகள் பூட்டப்பட்டவை. நிர்வாகியாக நுழைந்தால்தான் எடுக்க முடியும். அந்தக் கடவுச்சொல்லோ முழ நீளம். நான் சாதாரணமாகவே நகலெடுப்பேன். "அனுமதி இல்லை" என்று திரையில் வரிவரியாக ஓடும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்த வரிகளே தெரியாதபடி, நகலெடுக்கத் தட்டும் கட்டளையின் கடைசியில் ஒரு வாலைச் சேர்த்தேன். அதன்பின் திரை வாயைத் திறக்கவில்லை.

ஒரு மழைக்காலத்தில் ஹார்டு டிஸ்க் செத்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களைத் தேர்வுக்குப் பதிவேற்ற மறுநாள்தான் கடைசி. பாதை அறுந்து ஜீப்பும் ஓடவில்லை. டீச்சர் தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்தார். கையிருப்பில் இருந்த புது டிஸ்க்கைப் போட்டு நகலை ஏற்றினேன். இணையத்தின் கடவுச்சொல் இருந்த கோப்பு அதில் இல்லை.

பேசுவதற்கு மட்டும் சிக்னல் கிடைக்கும் பாறையில் ஏறி நின்று டீச்சரை அழைத்தேன்.

"பூட்டின ஃபைலு எல்லாம் எடுத்தீங்க தானே சார்?"

"இல்லம்மா."

கல்யாண வீட்டு இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தினார்.

"பீரோவுல பிஸ்கட் டப்பா இருக்குதுங்க சார். அதுல ஒரு பென்டிரைவு. நீங்க விட்டதெல்லாம் மாசாமாசம் நான் எடுத்து வெச்சிருக்கேன்."

"இன்னாத்துக்கும்மா என்னாண்ட சொல்லல?"

"சொன்னா கோச்சிக்குவீங்க சார்."

மறுநாள் மதியத்துக்குள் எல்லாப் பெயர்களும் ஏறிவிட்டன. திரையை மட்டும் அல்ல, டீச்சரையும் வாயடைத்து வைத்திருந்தேன் என்பது அவமானமாக இருந்தது.

அவர் மாற்றலாகிப் போய் சில வருஷம் ஆகிறது. டப்பா இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. கட்டளையின் வாலை அன்றே வெட்டிவிட்டேன். இப்போது நிர்வாகியாக நுழைந்து, திரை சொல்வதை ஒரு வரி விடாமல் படிக்கிறேன். முடித்ததும் பழக்கதோஷத்தில், அவர் போகும்வரை கூட உட்கார்ந்து சரிபார்த்த பக்கத்து நாற்காலியின் பக்கம் திரும்புகிறேன், "எதுனா வுட்டுப்போச்சாம்மா?" என்று கேட்க.