ஒளித்து வைத்த ஃபிளாஸ்க்

என் பையன் சேர்ந்தாற்போல் இரண்டு முறை தும்மினால் போதும், அவன் நெற்றியைப் பத்து முறை தொட்டுப் பார்ப்பேன். பிறகு, தொட்டுத் தொட்டு நானே சூடாக்கிவிட்டேனோ என்று கவலைப்படுவேன். கணவர் சிரிக்கிறார். அவருக்குத் தெரியாது, எட்டு வயதிலேயே எஸ்டேட் பிள்ளைகள் அத்தனை பேரையும் சாவிலிருந்து காப்பாற்றும் பொறுப்பை ஏற்றுக்கொண்டவள் நான்.

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லைனில் இருந்தோம். அப்பாவுக்கு ஃபாக்டரியில் வேலை. அம்மா கொழுந்து பறித்தாள். எனக்கு ஆறு வயதானபோது தம்பி சளிக்காய்ச்சலில் போய்விட்டான். அவனுக்கு ஒன்றரை வயது. பெரியவர்கள் இறந்தால் பதினாறாம் நாள் காரியம் வரை உறவும் ஊரும் வந்துகொண்டிருக்கும். சின்னப் பிள்ளைக்கு எங்களில் அதெல்லாம் இல்லை. மூன்றாம் நாள் பால் ஊற்றியதோடு முடிந்தது. நான்காம் நாள் லைனே வேலைக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் தம்பியின் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் அம்மா அழுவாள் என்று அப்பாவும், அப்பா அழுவார் என்று அம்மாவும், இருவரும் அழுவார்கள் என்று நானும் அந்தப் பெயரைச் சுற்றிச் சுற்றி நடந்தோம்.

மறு வருடம் கீழ் லைனில் ஒரு குழந்தை இறந்தது. அம்மா நாள் எண்ணிக்கொண்டே இருந்தாள். பதினாறாம் நாள், எங்களிடம் இருந்த ஒரே சிவப்பு ஃபிளாஸ்க்கில் டீயும் ஒரு பொட்டலம் வர்க்கியும் எடுத்துக்கொண்டு அப்பாவுடன் கிளம்பினாள். திரும்பி வந்ததும், "பசிக்குதுங்க" என்றாள். அப்பா அவசர அவசரமாகத் தட்டை எடுத்து வைத்தார். அம்மா வாயிலிருந்து அந்தச் சொல் வந்து மாதக்கணக்காகியிருந்தது. அன்றிலிருந்து எஸ்டேட்டின் எந்த டிவிஷனில் பிள்ளை தவறினாலும் பதினாறாம் நாள் இருவரும் போனார்கள்.

தண்ணீர்க் குழாயடியில் மேஸ்திரி மகள் என்னிடம் சொன்னாள்: "உங்கம்மா ஃபிளாஸ்க்கத் தூக்குனா எங்கியோ புள்ள செத்துருக்குன்னு அர்த்தம்டி. எங்கூட்டுப் பக்கம் வந்தர வேண்டாம்னு சொல்லு."

அவள் சொன்னது சரிதான். நான்தான் தலைகீழாகப் புரிந்துகொண்டேன். ஃபிளாஸ்க்கைத் தூக்காவிட்டால் எந்தப் பிள்ளையும் சாகாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை எடுத்துப்போய், லைனுக்குப் பின்னால் மூன்றாவது வரிசைத் தேயிலைச் செடிக்கடியில் சொருகிவிட்டு வந்தேன்.

அன்றைக்குத்தான் மேல் டிவிஷனில் ஒரு பாப்பாவுக்குப் பதினாறாம் நாள் என்பது எனக்குத் தெரியாது.

அம்மா வீட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினாள். "ஏனுங்க, அத எங்கதானுங்க வெச்சீங்க?"

"நான் தொடவே இல்ல. விடு, நாளைக்குப் போலாம்."

"பதினாறு இன்னிக்குத்தானுங்க," என்று சொல்லிவிட்டு அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அது தம்பி போன நான்காம் நாள் பார்த்த அதே முகம். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சொன்னால் ஏதோ ஒரு பிள்ளை செத்துவிடுமே. பல்லைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

திடீரென்று அம்மா எழுந்தாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து தம்பியின் நீல ஸ்வெட்டரை எடுத்தாள். தூக்குப்போசியில் டீயை ஊற்றி மூடி, சூடு ஆறாமல் இருக்க அந்த ஸ்வெட்டரைச் சுற்றிக் கட்டினாள். தனியாக இருக்கப் பயந்துதான் அழுகிறேன் என்று நினைத்து என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

சாவு வீட்டில் 'வாங்க' என்று கூப்பிட மாட்டார்கள். நாங்களாகவே உள்ளே போனோம். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் கையில் அம்மா டீயைக் கொடுத்தாள். "பாப்பாவுக்கு என்ன பேரு வெச்சிருந்தீங்க அம்மிணி?"

அந்தப் பெண் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். பிறகு பெயரைச் சொன்னாள். "இந்த ஊட்டுல அந்தப் பேரச் சொல்லிப் பதினாறு நாளாச்சுங்க்கா," என்று ஓவென்று அழுதாள். அழுது முடித்து டீயைக் குடித்தாள். பாப்பா உப்பு டப்பாவைக் கவிழ்த்த கதையைச் சொன்னாள். போசியைச் சுற்றியிருந்ததைத் தொட்டு, "இது யாருதுங்க்கா?" என்று கேட்டாள்.

"எம் பையனுதுங்க." அம்மா தம்பியின் பெயரைச் சொன்னாள். சாதாரணமாக, கடைக்குப் போனவனைச் சொல்வதுபோல. "போட்டு விட்டா அரை நிமிசத்துல கழட்டி வீசுவான். அவனோட மல்லுக்கட்டியே எனக்குக் குளிர் விட்டுப்போகும்." அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அம்மாவும்.

வெளியே அப்பாவும் அந்த வீட்டுக்காரரும் விறகு பிளந்துகொண்டிருந்தார்கள். அப்பா ஒரே ஒரு வாக்கியம் பேசியது என் காதில் விழுந்தது: "எனக்கும் ரெண்டு மாசம் கையே ஓடலீங்க." அதற்குப் பிறகு கோடாலிச் சத்தம்தான்.

திரும்பும் வழியில், எங்கள் லைனுக்குப் பின்னால் வந்ததும் என்னால் தாங்க முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இருவரும் நின்றுவிட்டார்கள். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அட கழுத! ஃபிளாஸ்க்கா புள்ளையக் கொல்லுது?" அம்மா என் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அப்பா செடிகளுக்குள் குனிந்து தேடி, ஃபிளாஸ்க்கை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். "ஒடையல."

அம்மா தம்பியின் பெயரைச் சொல்லி, "அவன் இருந்திருந்தா இவளுக்குக் கூட்டு நின்னுருப்பானுங்க," என்றாள்.

அப்பாவும் அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னார். "அவனா? ஒளிக்கறதுக்கு முன்னாடியே ஒடச்சிருப்பான்."

இருவரும் பாதையிலேயே நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். எனக்கும் பெரிய நிம்மதி. அந்த ஃபிளாஸ்க் உடையாமல் கிடைத்ததற்குத்தான் அவ்வளவு சிரிப்பு என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.