புரட்டாசி முதல் நாள் முட்டை

விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் நாங்கள் மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் மதியம் சாப்பிடுவோம். ஆவணி கடைசி நாள் என்று என் டைரியில் இருக்கிறது: அன்றும் சூளைக்காரர் கறிக்குழம்பைப் பிசைந்தபடி, சைவரான கிளார்க்கைப் பார்த்து, "என்ன சார், இன்னிக்கும் தழைதானா?" என்றார்.

மறுநாள் புரட்டாசி பிறந்தது. டாக்டர் சொல்லி நான் தினமும் தின்னும் அவித்த முட்டையைப் பார்த்ததும் சூளைக்காரர் முகம் சுளித்தார். "அத அப்பால எடுத்துட்டுப் போங்க சார். உயிரு சார் அது."

டப்பாவோடு எழுந்தேன். கிளார்க் நகர்ந்து தன் பக்கம் இடம் கொடுத்தார்.

"இங்க உக்காருங்க சார். நான் பொறந்ததுலேருந்து சைவம். இவரு காலையிலேருந்து."

நன்றியோடு உட்கார்ந்தேன். முட்டை தொண்டையில் இறங்கி முடியும்வரை, பண்ணையில் கோழி படும் பாட்டை அவர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.