மீன் கத்தரிக்கோலும் பனிக்காலப் பூவும்

அக்காவின் மீன் வெட்டும் கத்தரிக்கோல் இப்போது என்னிடம் இருக்கிறது. ஹ்விடோவ்ரே நகரில் என் வீட்டுக்குப் பின்னால், நத்தார்ப் பண்டிகையை ஒட்டிப் பனிக்குள் பூக்கும் யூலரோசேச் செடியின் பழைய இலைகளை அதைக் கொண்டுதான் நறுக்குகிறேன். கரும்புள்ளி விழுந்த இலைகளை மொட்டு வருமுன் வெட்டிக் குப்பையில் போட்டுவிட வேண்டும். இதை நான் அருவருத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

அக்கா இறந்த பிறகு வந்த தை மாதம், அவளும் அத்தானும் வாழ்ந்த ஹொல்ஸ்டெப்ரோவுக்குப் போயிருந்தேன். பின்கதவைத் திறந்ததுமே அழுகிய மீன் நாற்றம்; மூக்கைப் பொத்திக்கொண்டேன். அத்தான் மீன் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அக்கா சனிக்கிழமைகளில் மீன் சமைக்கும்போதெல்லாம், வீட்டிலும் மீன் மணமா என்று அவளோடு சண்டைக்கு நிற்பார். அப்படிப்பட்டவர் சனிக்கிழமை தவறாமல் மீன் வாங்கி, கழுவிய தண்ணீரைச் செதிலும் குடலுமாக அவளுடைய யூலரோசேக்கு ஊற்றியிருந்தார். ஊரில் கறிவேப்பிலைக்கு ஊற்றுகிற பழக்கம்தான். அக்காவும் ஊற்றினாள், ஆனால் கோடையில் மட்டும். இந்தக் குளிரில் ஒன்றும் உக்கி மண்ணோடு சேராமல், செடியைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் சளிபோலக் கட்டி நின்றது. கறுத்த இலைகளைத் தூக்கினால் கையோடு வழுக்கி வந்தன. அடியில் ஓடில்லாத நத்தைகள். சீ!

“வெட்டாதை பிள்ளை, அது அவள் வளத்த இலை,” என்றார் அத்தான்.

“இது இலையோ அத்தான்? பிணம்,” என்றேன், வாய் கூசாமல்.

கையுறை போடாமல் வெட்டியதில் சாறு பட்டு என் விரல்கள் எரிந்தன. நடுத்தண்டு முழுக்க அழுகியிருந்தது. ஓரத்தில் ஒரேயொரு மொட்டோடு ஒரு துண்டு மட்டும் உயிரோடு இருந்தது.

“நீ கொண்டு போ. இஞ்சை விட்டா நான் சாக்காட்டிப்போடுவன்,” என்று கத்தரிக்கோலையும் கையில் தந்தார். வீட்டுக்கு வந்ததும் எலுமிச்சம்பழமும் சவர்க்காரமும் போட்டு, திருகாணி இடுக்குவரை அதைத் தேய்த்துக் கழுவினேன்.

இங்கே நட்டுவைத்த அந்தத் துண்டில் இன்று காலை இந்தப் பருவத்தின் முதல் பூ விரிந்தது. அத்தானுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

“மீன் தண்ணி ஊத்தேல்லைத்தானே?”

“இல்லை அத்தான். நீங்கள் ஏன் அந்தக் குளிரிலை போய் ஊத்தினனீங்கள்?”

“செடிக்கெண்டுதான் துவங்கினனான். பிறகு பாத்தால், சனிக்கிழமையிலை வீடு அவள் இருக்கிற மாதிரி மணந்துது. அதாலை விடேல்லை.”

மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த வாசலில் நின்ற என்னை நினைத்தபோது எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. கத்தரிக்கோலை எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமே மணக்கவில்லை. அவ்வளவு சுத்தமாகக் கழுவியிருக்கிறேன்.