மூக்கும் முள்ளும்

எங்கள் வீட்டில் அப்போது ஒரு காரும் ஒரு மூக்கும் இருந்தன. கார் அப்பாவுடையது. மூக்கு என்னுடையது.

அப்பா பிறப்பதற்கு முன்னரே இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த கார் அது. வெண்ணெய் நிறம், உருண்டைத் தலை, முன்னால் முழித்துப் பார்க்கும் இரண்டு பெரிய விளக்குகள். ஊரெல்லாம் புதுக் கார்கள் வந்து குவிந்த பிறகு இதை யார் ஹயருக்குப் பிடிக்கப் போகிறார்கள் என்று அம்மா கவலைப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், கலியாண வீட்டுக்காரருக்குத் திடீரென்று பழைய காரில் ஆசை வந்தது. படம் எடுத்தால் வடிவாக இருக்குமாம். மானிப்பாயைச் சுற்றி எங்கே தாலி கட்டினாலும் பொம்பிளை மாப்பிள்ளையை ஏற்றிவர அப்பாதான் போவார். எங்கள் வீட்டுச் சோறும் என் பள்ளிக்கூடச் சப்பாத்தும் அந்தக் காரிலிருந்துதான் வந்தன.

அப்பாவுக்கு மணம் தெரியாது. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு போய்விட்டதாம். குழம்பு அடிப்பிடித்தாலும் தெரியாது, பக்கத்தில் மல்லிகை பூத்தாலும் தெரியாது. அதை அவர் ஒரு குறையாகவே எண்ணவில்லை. ஆனால் பழைய பெற்றோல் கார் ஓட்டுகிறவருக்கு அது சின்ன விஷயமா? ஆகவே தினமும் காலையில் எஞ்சினை மூடியிருக்கும் பொனற்றைத் திறந்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுவார். நான் பல் தீட்டியது பாதி தீட்டாதது பாதியாக ஓடிவந்து தலையை உள்ளே விட்டு மோந்து பார்ப்பேன்.

“பிள்ளை, மணக்குதோ?”

நான் இல்லை என்றால் கார் புறப்படும். ஓம் என்றால் புறப்படாது. அப்பா துணியும் ஸ்பனருமாகக் குனிந்து ஒழுகும் இடத்தைத் தேடிப் பிடித்து இறுக்குவார். ஊரில் வேறெந்தப் பத்து வயதுப் பிள்ளைக்கு இப்படி ஓர் அதிகாரம் இருந்தது? எனக்குத் தடிமன் வந்து மூக்கடைத்தால் அம்மா உடனே கொத்தமல்லி அவித்துத் தருவார். அது எனக்காகவா காருக்காகவா என்று சந்தேகமாக இருக்கும். காருக்காக என்றால்தான் எனக்கு இன்னும் சந்தோஷம்.

அந்த வருடம் வெயில் கொதித்த ஒரு நாள், கலியாண ஊர்வலத்தில் கார் இரண்டு முறை நின்றுவிட்டது. பொம்பிளை கூறைச்சேலையோடு உள்ளே வியர்த்து வழிய, மாப்பிள்ளைத் தோழன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தள்ளினான். அதையும் யாரோ படம் எடுத்தார்கள். அப்பா அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அடுத்த மாதம் ஒரு பெரிய கலியாணம் பேசியிருந்தது. அதிலும் நின்றால் பிறகு ஒருவரும் கூப்பிட மாட்டார்கள் என்று எனக்கே விளங்கியது.

அந்தக் கலியாணம் நெருங்கிய நேரம் பார்த்துத்தான் லண்டன் அண்ணை வந்து சேர்ந்தார்.

அவர் என் பெரியப்பாவின் மகன். பெரியப்பாவை நான் படத்தில்தான் கண்டிருக்கிறேன். சண்டைக் காலத்தில் லண்டன் போனவர் திரும்பி வரவே இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன்னர் அங்கேயே காலமாகிவிட்டார். அண்ணைக்கு இருபத்தொரு வயது. அங்கே கார் திருத்தும் வேலை படித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊருக்கு அதுதான் முதல் தடவை. தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைப்பார். வந்த அன்றே பயணக் களைப்பையும் பாராமல் நேரே காரிடம் போய், அதன் கூரையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். வெயிலில் கொதிக்கும் தகரத்தில் எதற்குக் கை வைக்கிறார், சரியான விசரர் என்று நினைத்துக்கொண்டேன்.

“சித்தப்பா, பெற்றோல் ஒழுங்கா வருதா எண்டு எப்பிடிப் பாக்கிறீங்கள்?”

“எங்கடை பிள்ளை மணந்து சொல்லும்,” என்று அப்பா பெருமையாக என்னைக் காட்டினார்.

அண்ணை சிரித்தார். “மணந்தால் ஒழுகுறது தெரியும். அமுக்கம் குறையுறதை மணக்கேலாதே.”

எனக்கு எரிச்சல் மூண்டது அந்தச் சிரிப்பில்தான். பகிடி பண்ணும் சிரிப்பல்ல அது; என் தலையைத் தடவிக்கொண்டு சிரித்த சிரிப்பு. அதனால்தான் இன்னும் எரிந்தது.

பெட்டியைத் திறந்து சாமான்களை எடுத்துப் பரப்பினார். உள்ளங்கை அகலத்தில் ஒரு கேஜ். வெள்ளை முகம், கறுப்பு இலக்கங்கள், ஒரு மெல்லிய முள். பெற்றோல் எவ்வளவு அமுக்கத்தோடு எஞ்சினுக்குப் போகிறது என்று அந்த முள் காட்டுமாம். கூடவே மெல்லிய உருக்குக் கம்பியால் பாய் இழைத்ததுபோலப் பின்னிய ஹோஸ் குழாய். அதன் முனைகளில் பூட்டுவதற்குச் சிவப்பிலும் நீலத்திலும் சின்னச் சின்ன மூட்டுகள். என் காப்புகளைவிட அவை பளபளத்தன. அப்பா ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, துடைத்து, திரும்ப அதே இடத்தில் வைத்தார். என் பரீட்சைப் பெறுபேற்றைக்கூட அப்படி அவர் பிடித்துப் பார்த்ததில்லை.

இரண்டு நாள் முற்றத்தில் வேலை நடந்தது. பின்னல் ஹோஸைச் சும்மா வெட்டினால் கம்பியெல்லாம் பிரிந்துவிடும் என்று வெட்டும் இடத்தில் இறுக்கமாக ஒட்டும் ரேப்பைச் சுற்றி, பல் சிறுத்த வாளால் அண்ணை மெல்ல மெல்ல அறுத்தார். அப்படியும் இரண்டு மூன்று கம்பிகள் விரலில் குத்தி இரத்தம் வந்தது. அப்பா பதறிப்போய் அந்த விரலைத் தன் இடுப்புச் சாரத்தின் முனையால் அழுத்திப் பிடித்தார். “தம்பி, உதை நான் பிடிக்கட்டோ?” என்று கேட்டார். தன்னுடைய சொந்தக் காரில் கை வைக்க அப்பா உத்தரவு கேட்கிறார்! நான் பூங்கன்றுகளுக்கு ஊற்றிய தண்ணீர் முழுவதும் பாதையில் ஓடியது.

பம்பிலிருந்து எஞ்சினுக்குப் போன பழைய ஹோஸைக் கழற்றியபோது அப்பா வேலையை நிறுத்தினார். வெடித்துக் கறுத்த ஒரு சாண் ரப்பர் துண்டு. அதன் நடுவில் சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றியிருந்தது.

“உது உன்ரை அப்பா சுத்தினது, தம்பி. பெற்றோல் இல்லாத காலம். மண்ணெண்ணெயிலைதான் ஓடினது. வெடிப்புக்குள்ளை சவர்க்காரத்தை அடைச்சுப்போட்டு மேலாலை சுத்தினவர். இவ்வளவு காலம் நிண்டிருக்குது பார்.”

அண்ணை அதை வாங்கிப் பார்த்தார். எறியாமல் மதில்மேல் வைத்தார்.

புது ஹோஸின் நடுவில் கேஜுக்குக் கிளை பிரிக்க ஒரு பித்தளைத் துண்டு தேவைப்பட்டது. அதை அப்பா பக்கத்து லேத்துக் கடையில் கடைந்து வாங்கி வந்தார். பெற்றோல் ஓடுகிற ஹோஸ் காருக்குள் வரக் கூடாதென்று, கேஜை முன்கண்ணாடிக்கு வெளியே, பொனற்றுக்குப் பின்னால், ஓட்டுகிறவரின் முகத்தைப் பார்த்தபடி அண்ணை பூட்டினார். “முள் ஒண்டுக்கும் ரெண்டுக்கும் நடுவிலை நிக்கோணும் சித்தப்பா. கீழை இறங்கினால் உடனை நிப்பாட்டுங்கோ.” அப்பா பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் தலையாட்டினார்.

மறுநாள் காலை பொனற் திறக்கும் சத்தம் கேட்டது. வாய் நிறைய நுரையோடு ஓடினேன். அப்பா என்னைக் கூப்பிடவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, அண்ணையின் தோளில் கை போட்டபடி, முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பார்த்து முடிந்ததும் பொனற்றை மூடினார். நான் நுரையை விழுங்கிவிட்டேன்.

அன்று சனிக்கிழமை. அந்தப் பெரிய கலியாணம் மறுநாள். முதலில் மருதனார்மடம் ஆஞ்சநேயருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வருவோம், கார் ஓடும் விதமும் தெரிந்துவிடும் என்று அப்பா சொன்னார். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

“புதுச் சாமான். வெளியிலை வேறை நிக்குது. பாக்கிற கண்ணெல்லாம் நல்ல கண்ணோ? பிள்ளை, ஒரு பொட்டு வைச்சு விடு.”

பொட்டு வைக்க ஒரு விரல் போதும். நான் மூன்று விரலால் அள்ளினேன். கேஜின் விளிம்பில் எவ்வளவோ இடமிருந்தது. நான் கண்ணாடியின் நடுவில், ஒன்றும் இரண்டும் இருந்த இடத்தில், அடைபோல அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்தேன். பக்தியோடுதான் வைத்தேன். யார் பார்த்தாலும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

“தங்கச்சி, முள் தெரியாதே,” என்று அண்ணை துடைக்கக் கையை நீட்டினார்.

“ஐயோ தம்பி! வைச்ச பொட்டை அழிக்கிறதோ? அதுவும் கோயிலுக்கு வெளிக்கிடேக்கை!” என்று அம்மா மறித்தார்.

அண்ணை அப்பாவைப் பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார். “காய்ஞ்சு உதிரும், விடு தம்பி,” என்றார். லண்டன் படிப்பு சந்தனத்துக்கு முன்னால் வாயடைத்து நின்றது.

முன் சீற் எப்போதும் என்னுடையது. அன்று அதில் அண்ணை இருந்தார். நான் பின்னால், மல்லிகையும் வெற்றிலையும் நிறைந்த தட்டோடு அம்மாவுக்குப் பக்கத்தில் ஒடுங்கி இருந்தேன். பாதித் தூரம் போனதும் எனக்கு மணந்தது. முதலில் ஒரு நூல், பிறகு நல்லாகவே. நான் அண்ணையின் பிடரியைப் பார்த்துக்கொண்டு பேசாமலிருந்தேன். கேஜ் இருக்கிறதுதானே, அது சொல்லட்டும்.

மருதனார்மடச் சந்திக்குக் கிட்ட வந்தபோது அண்ணை நிமிர்ந்தார். “சித்தப்பா, பெற்றோல் மணக்குற மாதிரிக் கிடக்கு.”

அப்பா அந்த மூன்று நாட்களில் முதல் தடவையாகக் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

“பிள்ளை, மணக்குதோ?”

“இல்லை அப்பா.”

“அவள் சொன்னால் சரி, தம்பி. பழைய கார் எண்டால் கொஞ்சம் மணக்கும்தானே.”

அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷம்போல ஒரு சந்தோஷம் அதற்குப் பிறகு வந்ததில்லை. அதை நினைக்க இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

சந்தைக்கு முன்னால் கார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. பொனற்றின் இடுக்கால் புகை வந்தது. அப்பா எங்களை இறங்கி ஓடச் சொல்லிக் கத்திவிட்டுப் பொனற்றைத் திறக்க, உள்ளே நெருப்பு நாக்கு நீட்டியது. மரக்கறி விற்றுக்கொண்டிருந்தவர்கள் சாக்கை நனைத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். யாரோ மண்ணை அள்ளி எறிந்தார்கள். அப்பா நனைந்த சாக்கோடு கையை உள்ளே விட்டு அமத்தினார். பெரிய நெருப்பில்லை, இரண்டு நிமிடத்தில் அணைந்துவிட்டது. ஆனால் அப்பாவின் வலக் கை முழுவதும் கொப்பளித்திருந்தது. கேஜின் முகத்தில் சந்தனம் காய்ந்து, ஒரு துண்டு உதிர்ந்திருந்தது. முள் பூச்சியத்தில் கிடந்தது.

சந்தியில் நடந்தது நாங்கள் வீடு திரும்பும் முன்னரே கலியாண வீட்டுக்குப் போய்விட்டது. அவர்கள் வேறு கார் பிடித்துக்கொண்டார்கள். அண்ணை எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார். ஊர் லேத்தில் கடைந்த துண்டின் திருகுப் புரியும் லண்டன் மூட்டின் புரியும் கண்ணுக்கு ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றல்லவாம். இறுகியதுபோல இருந்து, ஓட்டத்தில் கசிந்திருக்கிறது.

“என்ரை பிழை, சித்தப்பா. நான் பாத்திருக்கோணும்.”

“உன்ரை கையிலை ஒரு பிழையும் இல்லை. கண்ணூறு. வேறை ஒண்டுமில்லை,” என்று அப்பா துணி சுற்றிய கையால் அவர் முதுகைத் தடவினார்.

அம்மா உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து அண்ணையைச் சுற்றி, காரைச் சுற்றி, அடுப்பில் போட்டார். யாருடைய கண் என்று நாலைந்து வீட்டுப் பெயர்களைச் சொன்னார். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. “பிள்ளைக்குத் தடிமனாக்கும், அதுதான் மணக்கேல்லை,” என்று அப்பா அம்மாவிடம் சொன்னது மட்டும் கேட்டது. அம்மா கொத்தமல்லி அவித்துத் தந்தார். எனக்குத் தடிமன் இல்லை. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

இதற்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கை வெந்தவர் என் அப்பா. அந்தக் கை தடவுவது அண்ணையை. அண்ணை புதுத் துண்டு கடைவித்து, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, ஒரு சொட்டும் கசியாமல் ஓடவைத்தார். அதற்கும் சேர்த்து அவர்மேல் எரிச்சல்பட்டேன்.

அவர் புறப்படுகிற அன்று மதில்மேல் கிடந்த பழைய ஹோஸ் துண்டை எடுத்தார். “சித்தப்பா, இதை நான் கொண்டு போகட்டோ?”

“அது எங்கடை!” என்றேன் நான்.

“பிள்ளை!” என்றார் அப்பா. அந்தக் குரலில் அவர் என்னை அதற்கு முன்னர் அதட்டியதில்லை. “அது அவன்ரை.”

அண்ணை அதை மூக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு எனக்கு முன்னால் வந்து முழங்காலில் இருந்தார்.

“தங்கச்சி, உனக்குத்தானே நல்ல மூக்கு. எனக்குப் பெற்றோல் மட்டும்தான் மணக்குது. வேறை ஏதும் மணக்குதோ?”

நான் மோந்தேன். முதலில் பெற்றோல். அதற்குள் பழைய ரப்பர். சைக்கிள் ரியூப் சுற்றின் அடியில், உள்ளுக்குள்ளே, வேப்பெண்ணெய்ச் சவர்க்காரமும் ஒரு துளி மண்ணெண்ணெயும். யாரோ இப்போதுதான் கை கழுவிவிட்டுப் போனதுபோல அவ்வளவு தெளிவாக இருந்தது. அண்ணையின் முகம் என் முகத்துக்கு வெகு கிட்ட இருந்தது.

“ஒண்டும் மணக்கேல்லை,” என்றேன்.

அவர் தலையாட்டினார். துண்டைத் தான் போடும் ஒரு சேட்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். நான் ஓடிப்போய் முன் சீற்றில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினேன். அவர் பெட்டியோடு பின்னால் ஏறினார். வென்றுவிட்டேன் என்றுதான் பஸ் நிலையம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு மணம் தெரியாது. அண்ணைக்கு அந்த மணம் எதுவென்று தெரியாது. பெரியப்பாவின் கை மணந்தது எனக்கு மட்டும்தான். அண்ணை என்னிடம் கேட்டது அதைத்தான் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.