சோளத்தின் கண்ணும் அம்மாவின் பால் தேத்தண்ணியும்

முதல் தடவை அது என் மணிக்கட்டைச் சுற்றியபோது, ஈரமாக, வழவழவென்று இருக்கும் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஈரமே இல்லை... வெயிலில் காய்ந்த பட்டுத் துணி மாதிரி இருந்தது.

அந்த நிமிஷமே அதன்மேல் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

பதுளை டவுனில் மீன் தொட்டி விற்கும் ஒரு கடையில்தான் எனக்கு முதல் வேலை. மீன், லவ்பேர்ட்ஸ், மிஞ்சிப்போனால் ஒரு முயல். அந்தக் கடைக்கு ஒருநாள் பண்டாரவளையில் இருந்து ஒரு நோனா, பெரிய வீட்டு அம்மா, பெட்டியோடு வந்தார். மகளுக்குப் பிரசவம், கொழும்புக்குப் போகிறேன், வரும்வரை என் செல்லத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

செல்லம் உள்ளே சுருண்டு கிடந்தது. கோர்ன் ஸ்னேக், சோளப் பாம்பு. செம்மஞ்சள் உடம்பில் கருஞ்சிவப்புத் திட்டுகள், வயிற்றில் சோளப் பொத்தி போலக் கட்டம் கட்டமாய்க் கறுப்பும் வெள்ளையும். விஷம் கிடையாது.

முதலாளி நோனாவிடம் சிரித்துச் சிரித்துத் தலையாட்டினார். கார் போனதும் கதிரையில் ஏறி நின்றுகொண்டார்.

"எனக்கு ஏலா மகள். இது கடையில இருந்தா ஒரு கஸ்டமரும் வரமாட்டான். நீங்க வீட்டுக்குக் கொண்டு போங்க."

அவர் முடிப்பதற்குள் நான் பெட்டியைத் தூக்கிவிட்டேன். அதன் சாப்பாடான, ஐஸில் உறைந்த எலிகள் மட்டும் கடை ஃப்ரிட்ஜிலேயே தங்கின. அதற்குப் பிறகு முதலாளி அந்த ஃப்ரிட்ஜிலிருந்து தண்ணீர்கூட எடுத்துக் குடிக்கவில்லை.

லுணுகலை பஸ்ஸில் பெட்டி என் மடியில்... பசறை வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் அதுவும் சாய்ந்தது. கண்டக்டர் பெட்டியில் என்ன என்று கேட்டார். சோளம் என்றேன். அதற்குள் அந்தப் பெயரை வைத்துவிட்டிருந்தேன்.

அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அடி பாவி. மலையில கண்டா கும்புட்டுட்டு ஒதுங்கிப் போறோம். நீ பஸ் புடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்க."

திட்டினாளே தவிர விரட்டவில்லை. வீடு தேடி வந்ததை விரட்டக்கூடாதாம். சூடம் கொளுத்தினாள், சின்னத் தட்டில் பால் ஊற்றினாள்.

"அது பால் குடிக்காதும்மா. எலிதான் திங்கும்."

"எலிய நீ குடு. பால நான் குடுக்குறேன்."

காலையில் தட்டு காலி. கீழே விரித்திருந்த பேப்பர் முழுக்க நனைந்து கிடந்தது... சோளம் தட்டின் மேலேறிக் கவிழ்த்திருக்கிறது. அம்மாவின் கண்ணுக்குக் காலித் தட்டு மட்டும்தான் தெரிந்தது. பாலைக் குடித்துவிட்டது என்ற செய்தி லயம் முழுக்கப் போனது. பிறகு தினமும் பால், தினமும் நான் பேப்பர் மாற்றுவேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோளத்தின் கண் வெளுத்தது.

கறுப்பு மணி போல இருந்த கண்கள் இரண்டும் நீலம் கலந்த வெள்ளையாகிவிட்டன. உடம்பு மங்கிப்போனது. எலியை மோந்துகூடப் பார்க்கவில்லை. நோனாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்பது பிறகு... எனக்கே அது இல்லாமல் முடியாது என்று ஆகியிருந்தது.

அம்மாவோ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"குடிச்ச பாலெல்லாம் கண்ணுல ஏறிருச்சுடி. ஏங் கையாலயே குருடாக்கிட்டேன்."

கோயில் மேட்டுக்கு ஓடினேன், அங்கேதான் சிக்னல் வரும். நோனா போனில் சிரித்தார். தோல் கழற்றப் போகிறது, அப்போது கண் அப்படித்தான் மங்கும், தொடாமல் விடுங்கள், பெட்டியில் ஈரத்துணி வையுங்கள் என்றார். நான் பறந்து வந்து சொன்னேன். அம்மா நம்பவில்லை, நோனா ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றாள்.

"அதுக்குக் கண்ணு தெரியிற வரைக்கும் நா பால் தேத்தண்ணி குடிக்க மாட்டேன்."

பால் தேத்தண்ணி இல்லாமல் வாயைத் திறக்காதவள் அம்மா. அன்றிலிருந்து சாமி படத்துக்கு முன்னால் நின்று வெறும் தேத்தண்ணி குடித்தாள்.

ஒரு காலையில் அவள் கூப்பிட்ட குரலில் சோற்றுப் பானையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். சோளம் மூக்கைக் கல்லில் தேய்த்துத் தேய்த்து, பழைய தோலைக் காலுறை போல உருவிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தது. எப்பேர்ப்பட்ட நிறம். இப்போதுதான் வண்ணம் பூசியது போல... கண் இரண்டும் பளிச்சென்று கறுப்பாய் எங்களைப் பார்த்தன. நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தோம், அழுதோம். அம்மா அன்று பெரட்டுக்கு, காலையில் ஆள் எண்ணும் இடத்துக்கு, பிந்திப்போய்க் கங்காணியிடம் பேச்சு வாங்கினாள். அவரிடமே முழுக்கதையையும் சொல்லிவிட்டு வந்தாள்.

நோனா வந்து சோளத்தைக் கூட்டிப்போனார். தோலை எங்களுக்கே கொடுத்துவிட்டார்.

இப்போது நான் பதுளையில் குடியிருக்கிறேன். லயத்தில் வீட்டுக்குள்ளேயே சிக்னல் வருகிறது. அம்மா போனில் விதவிதமான பாம்பு வீடியோ பார்த்துவிட்டு, நம்ம சோளம் மாதிரி வராது என்பாள். எனக்கும் அப்படித்தான்... எத்தனை பார்த்தாலும் அந்த மணிக்கட்டுக் குறுகுறுப்பு திரும்பி வரவில்லை.

போன மாதம் அம்மாவின் கண்ணில் வெண்புரை. ஒபரேஷன் என்றதும் வரமாட்டேன் என்று அடம். சாமி படத்துக்குப் பின்னால் இருந்த அந்தத் தோலை எடுத்து அவள் கையில் வைத்தேன். தடவிப் பார்த்தாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

கண்ணில் கட்டிய கட்டைப் பிரித்த அன்று நான் வார்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், கையில் தேத்தண்ணிக் கோப்பை. அம்மா கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி என்னைப் பார்த்தாள். பிறகு கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி வெறும் தேத்தண்ணி குடிக்கிற? அதான் எனக்குக் கண்ணு தெரியுதுல்ல. போயி பால ஊத்திக் குடி."