நல்ல நேரத்தில் மூடிய போத்தல்கள்

அண்ணி தொலைபேசியில் கேட்டபோதே நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். "டோர் கிப்டுக்கு நூத்தி இருபது போத்தல் வேணும். நீ சும்மாதானே இருக்க, கலர் அடிச்சுத் தர்றியா?" என்றார். அவர் கேட்டு முடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்கு வந்தவர்கள் கிளம்பும்போது கையில் கொடுத்தனுப்பும் சின்னப் பரிசுக்குத்தான் எங்கள் பக்கம் டோர் கிப்ட் என்று பெயர். சிறு கண்ணாடிப் போத்தல், உள்ளே கல்கண்டும் முந்திரியும். கடையில் வாங்கியது வேண்டாம், வீட்டில் கையால் செய்ததாக இருக்க வேண்டும் என்று கல்யாணப் பெண் சொல்லியிருக்கிறாள். அவள் என் அண்ணன் மகள். என்னிடம் கேட்கச் சொன்னதும் அவள்தானா, இல்லை அண்ணியாகக் கேட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் உண்மை தெரிந்துவிடுமே.

அவள் என்னிடம் பேசி மூன்று வருடமாகியிருந்தது. தப்பு என்னுடையதுதான், மழுப்ப ஒன்றுமில்லை. ஒரு தீபாவளிக்கு ஒரு சீனப் பையனை வீட்டுக்கு அழைத்து வந்தாள். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவனுக்குத் தமிழ் எங்கே புரியப் போகிறது என்ற தைரியத்தில் அண்ணனிடம் உரக்கவே சொன்னேன்: "இவனையெல்லாம் நம்பி என்னத்தண்ணே பண்றது? நாலு மாசத்துல வுட்டுட்டுப் போயிருவான்லா." பையன் அண்ணன் குடியிருக்கும் அதே பட்டர்வொர்த்தில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவன். தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "போவ மாட்டேன் ஆன்ட்டி" என்றான். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா சொன்ன வார்த்தையில்லை. சின்ன வயதில் பள்ளி விடுமுறை முழுவதும் என் வீட்டிலேயே கிடந்த பெண், அன்று சாப்பிட்ட கையோடு எழுந்து போனாள். இப்போது அதே பையனைத்தான் கட்டப் போகிறாள். இந்தப் போத்தல்களைக் கொண்டுபோய் வைத்தால் ஒரு வார்த்தை பேசுவாள், அது போதும் என்று நினைத்தேன்.

ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பக்கத்தில் உள்ள சாமான் கடையில் கையடக்கமான ஸ்ப்ரே கன் ஒன்று வாங்கினேன். மின்சாரத்தில் ஓடுவது. சிவப்புப் பெயின்டும் தின்னரும் வாங்கினேன். சிவப்பு சீனர்களுக்கும் மங்கலம், நமக்கும் மங்கலம், யாரும் குறை சொல்ல முடியாது. கடைக்காரச் சீனர் மலாயில் பொறுமையாக விளக்கினார். தின்னர் விட்டுப் பெயின்டை நீர்க்கக் கலக்க வேண்டும், ஒரே இடத்தில் அடிக்காமல் கையை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். முப்பது வருடம் தொழிற்சாலையில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து வேலை பார்த்தவளுக்கு ஒரு போத்தலுக்குச் சாயம் அடிக்கத் தெரியாதா என்ற திமிர் எனக்கு.

திங்கட்கிழமை தொடங்குவதாகத் திட்டம். அன்று காலையே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பிளாட்டுக்குப் பின்னால் மலை. அங்கே மேகம் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்காது. ஈரக் காற்றில் பெயின்ட் காயாது, பால் படிந்ததுபோல் வெளுத்துவிடும். பழைய காப்பிப் போத்தலில் அடித்துப் பார்த்தேன், அப்படியேதான் ஆனது. செவ்வாயும் மழை, புதனும் மழை. கழுவித் துடைத்த நூற்றிருபது போத்தல்களும் வரவேற்பறையில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. வானத்தைத் திட்டுவதைத் தவிர என்னால் செய்ய முடிந்தது எதுவுமில்லை.

புதன் மாலை அண்ணி மறுபடியும் அழைத்தார். "நாளைக்குக் காலையில நல்ல நேரம் பாத்திருக்கு. அதுக்குள்ள கல்கண்டப் போட்டு மூடிரு. கல்யாணச் சாமான வெறுசா வைக்கக் கூடாது, தெரியும்லா?"

"இன்னும் கலர் அடிக்கலையே அண்ணி."

"அத அப்புறம் அடிச்சுக்கலாம். நேரம் போனா வருமா?"

அது எனக்கும் நியாயமாகப் பட்டது. நானும் அப்படி வளர்ந்தவள்தானே. வியாழக்கிழமை காலையில் குளித்து, சாமி விளக்கை ஏற்றி, ஒவ்வொரு போத்தலிலும் கல்கண்டும் முந்திரியும் போட்டு, அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி நூற்றிருபது மூடிகளையும் திருகினேன். உண்மையாகவே சொன்னேன். என் வாயிலிருந்து வந்த பழைய வார்த்தைக்கு மேல் இந்த வார்த்தைகளை அடுக்கி அதை மூடிவிடலாம் என்று ஒரு நினைப்பு.

மதியம் வெயில் வந்தது. வீட்டு வாசலுக்கு முன்னால் உள்ள நடைபாதையில் பழைய செய்தித்தாளை விரித்து, போத்தல்களை வரிசையாக நிறுத்தி, மூடியோடு சேர்த்தே அடித்தேன். மூடியிருந்தால் உள்ளே பெயின்ட் போகாது பாருங்கள், என் மூளை அப்படி வேலை செய்தது. மூடியும் உடம்பும் ஒரே நிறமாக, ஒட்டுப் போட்ட இடமே தெரியாமல், குங்குமச் சிமிழ்போல் வந்தன. மூன்று பூச்சு அடித்தேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா கைப்பேசியில் படம்கூட எடுத்துக்கொண்டார். ஒன்றையாவது திறந்து பார்த்தேனா? இல்லை. நல்ல நேரத்தில் மூடியதை யாராவது வேண்டுமென்றே திறப்பார்களா?

சனிக்கிழமை மாலை அண்ணன் வீட்டில் நலங்கு. வாடகைக் காரில் அட்டைப் பெட்டிகளை ஏற்றி, கடல் பாலத்தைக் கடந்து அக்கரையில் உள்ள பட்டர்வொர்த் போய்ச் சேர்ந்தேன். பெட்டிகளைக் கூடத்தில் பிரித்து வைத்தபோது அவள் வந்தாள். மஞ்சள் புடவை, கன்னத்தில் இன்னும் ஈரமாக நலங்கு மஞ்சள். ஒரு போத்தலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அழகா இருக்கு அத்தை" என்றாள்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அழுதுவிடாமல் இருப்பதற்காகப் பெட்டியைச் சரிசெய்வதுபோல் குனிந்தேன். நிமிர்ந்தபோது அவள் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

மூடி அசையவில்லை. புடவைத் தலைப்பால் பிடித்துத் திருகினாள், அசையவில்லை. "குடும்மா, நான் தொறக்கிறேன்" என்று வாங்கி நானும் திருகினேன். அண்ணி சுடுநீர் கொண்டுவந்தார், பிறகு கரண்டிக் காம்பால் நெம்பினார். பெயின்ட் செதில் செதிலாக உரிந்து அவள் மஞ்சள் புடவையில் விழுந்தது. கடைசியில் ஒன்று திறந்தது. திறந்ததும் கூடம் முழுவதும் தின்னர் வாடை. மூடி இடுக்கு வழியாகப் பெயின்ட் உள்ளே கசிந்து, மேலே இருந்த முந்திரியெல்லாம் சிவந்து ஒட்டிக்கிடந்தது. இன்னொன்றைத் திறந்தோம், அதுவும் அப்படித்தான். பத்துப் போத்தலுக்கு மேல் அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். எங்கள் வீட்டில் தோசை கருகினாலே என்னோடு மல்லுக்கு நிற்பவள். "ஏன் அத்தை, கொஞ்சமாச்சும் அறிவு இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்பாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்டிருந்தால் காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருப்பேன், இந்தப் போத்தலுக்கும் சேர்த்து, அந்தத் தீபாவளிக்கும் சேர்த்து. அவளோ, "பரவால்ல அத்தை, இதெல்லாம் சகஜம்லா" என்றாள். கைப்பேசியை எடுத்து, தெரிந்த பலகாரக் கடைக்காரரிடம் நூற்றிருபது பொட்டலம் லட்டுக்குச் சொல்லிவிட்டாள். பத்து நிமிடத்தில் காரியம் முடிந்தது. "நீங்க உக்காருங்க, டயர்டா இருப்பீங்க" என்று எனக்கு ஒரு நாற்காலியும் இழுத்துப் போட்டாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து, யாரோ என் பெட்டிகளைப் பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன்.

மறுநாள் கல்யாணம் நன்றாகவே நடந்தது. விருந்து முடிந்து கூட்டம் கலையும் நேரத்தில் மண்டப வாசலில் மேசை போட்டு லட்டுப் பொட்டலங்களை அடுக்கியிருந்தார்கள். டோர் கிப்ட் கொடுக்கும்போது வீட்டு ஆட்களெல்லாம் மணமக்களோடு வாசலில் நிற்பார்கள். வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள். அதுதான் வழக்கம். அண்ணனும் அண்ணியும் அங்கே நின்றார்கள். அண்ணியின் தங்கைகளும் நின்றார்கள். பொட்டலம் எடுத்துக் கொடுக்கவாவது ஒரு கை வேண்டியிருக்கும் என்று நானும் மேசையை நோக்கிப் போனேன்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான். தலையாட்டினேன். மேசையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போக இரண்டடி வைத்திருப்பேன். அதற்குள் அவள் ஒரு பொட்டலத்தை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து என் முன்னால் நீட்டினாள். எனக்கு முன்னால் போனவர்களுக்குச் சிரித்த அதே சிரிப்பு.

"வந்ததுக்கு ரொம்ப நன்றி அத்தை. பாத்துப் போங்க."

எனக்குப் பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நானும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, நன்றி என்றேன்.