பதறாத காரியம்

ஆஸ்பத்திரியில் என் வேலை கூட்டுவதும் கழுவுவதும்தான். ஆனால் தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிற ஆட்களுக்கு, ஆஸ்பத்திரி உடுப்புப் போட்ட பெண்கள் எல்லாருமே 'மிஸ்'. நானும் மிஸ்தான். தாதிமார் அதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

"வாங்க டொக்டர் நோனா, வாளிய எங்க வச்சிட்டு வந்தீங்க?" என்பார்கள். நோனா என்றால் சிங்களத்தில் அம்மணி.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். சின்ன வயதில் கொழும்பில் ஒரு சிங்கள வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலைக்கு நின்றேன். அந்தப் பிள்ளை பேசப் பழகியபோது நானும் கூடவே பழகிக்கொண்டேன். அந்தச் சிங்களம்தான் பல வருஷம் கழித்து, டொக்டர் பேசுவதைத் தமிழில் திருப்பிச் சொல்ல, என்னை அவர் மேசைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று எங்கள் அம்மா சொல்லும். பிழைத்தேன்.

அப்போது இருந்த டொக்டர் சிங்களவர், இளவயது, நல்ல மனிதர். தமிழில் நாலைந்து சொல் வைத்திருந்தார். ஒருநாள் எக்ஸ்ரே படம் எடுக்கிற இடத்தில் ஒரு பெரியவரிடம், "ஐயா, மூச்சு நிப்பாட்டு" என்றார்.

"அது நிக்கக் கூடாதுன்னுதானே தொர ஒங்ககிட்ட வந்தேன்!" என்றார் அவர்.

இன்னொரு அம்மா, "வயித்துக்குள்ள விடியமுன்ன பெரட்டு கூப்பிடுறாங்க தொர" என்றது. வேலைக்கு ஆள் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தின் இரைச்சல் வயிற்றுக்குள் கேட்கிறதாம். இதை எந்தச் சிங்களத்தில் சொல்வது? "வயிறு இரைகிறதாம்" என்று சுருக்கிச் சொன்னேன். இப்படிப் பேச்சுகளைக் கேட்டுச் சேர்த்துவைப்பதில் எனக்கு ஒரு ஆசை. திருப்பிச் சொல்லும்போது கொஞ்சம் குறைப்பேன், கொஞ்சம் கூட்டுவேன். கூட்டுவதுதானே நம் தொழில் என்று எனக்கு நானே பகிடியும் விட்டுக்கொள்வேன்.

அந்த அக்கா வந்தது அப்படியான ஒரு நாளில்தான். மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். நாற்பது வயது இருக்கும். பீலியில் கொட்டுகிற தண்ணீரில் குளிக்கும்போது மார்பில் ஏதோ கையில் தட்டுப்பட்டதாம்.

டொக்டர் பார்த்தார். என் பக்கம் திரும்பி, "பிளிகாவாக இருக்கலாம். இந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுக் கடிதம் எழுத ஆரம்பித்தார். பிளிகா என்றால் புற்றுநோய். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அந்தச் சொல் அவருக்குப் பிடிபடவில்லை. கேன்சர் என்று சொல்லியிருந்தால் பிடிபட்டிருக்கும். லயத்து வரிசை வீடுகளில் அது யாருக்கும் தெரியாத சொல்லா?

"என்ன மிஸ் சொல்றாரு?"

என் நாக்கில் அந்தச் சொல் வந்து நின்றது. அந்த முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன்.

"கட்டியாம்க்கா. பெரிய ஆஸ்பத்திரியில ஒருக்கா காட்டணுமாம்."

"மகளுக்குப் பள்ளிக்கூடத்துல ஓ எல் சோதனை வருது மிஸ். நான் அங்கிட்டு போயிட்டா புள்ள படிக்காது. முடிஞ்ச பொறகு போகலாமா?"

டொக்டரிடம் கேட்டிருக்க வேண்டும். அவர் கடிதத்தை நீட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அக்கா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் வாய் சும்மா இருக்குமா?

"பதறாதீங்கக்கா. பதறாத காரியம் சிதறாது."

அவர் முகம் தெளிந்தது. கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, "ஒங்க வாயி நல்ல வாயி மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு முழுவதும் ஒரு புண்ணியம் பண்ணியதைப் போல எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போது நினைத்தால் இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சோதனை ஒரு தடவை தள்ளிப்போனது. அக்காவும் பதறாமல் இருந்தார். மறுபடி எங்களிடம் வந்தபோது எட்டு மாதம் போயிருந்தது. துணியை விலக்கியதும் டொக்டர் கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தார். பிறகு என்னிடம், "அந்த வாரமே போகச் சொன்னேனே, ஏன் போகவில்லை? கேள்" என்றார்.

அந்தக் கேள்வியைத் தமிழில் சொல்ல வேண்டியவள் நான்.

"கேள்" என்றார் மறுபடியும்.

"அந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரிக்கு போகச் சொன்னேனே, ஏன் போகலைன்னு டொக்டர் கேக்குறாருக்கா."

அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். 'அந்த வாரமே' என்ற பேச்சை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. அது அவருக்கு விளங்கிவிட்டது என்பது எனக்கும் விளங்கியது. ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மறந்துட்டேன்னு சொல்லுங்க மிஸ்."

"அக்கா..."

"சொல்லுங்க. நான்தான் மறந்துட்டேன்."

சொன்னேன். அந்த ஒன்றை மட்டும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். தங்கள் உடம்பைப் பற்றி இந்த ஆட்களுக்கு அக்கறையே கிடையாது என்று டொக்டர் கோபப்பட்டார். அதை நான் தமிழில் சொல்லவில்லை. அவர் குரலிலேயே அக்காவுக்குத் தெரிந்திருக்கும்.

பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். காலம் கடந்துவிட்டது என்று அங்கிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் எங்கள் வாட்டில்தான் வலிக்கு மருந்து கொடுத்துப் படுக்கவைத்திருந்தோம். ஒருநாள் கட்டிலுக்கு அடியில் துடைத்துக்கொண்டிருந்தபோது, முகத்தை நிமிர்த்தாமலே சொன்னேன்.

"அன்னைக்கே அவரு கேன்சரா இருக்கலாம்னுதாங்க்கா சொன்னாரு. நான்தான் சொல்லல."

மேலே போர்வை அசைவது கேட்டது. பிறகு, "மக பாஸாயிருச்சு மிஸ். தெரியுமா?" என்றார்.

"தெரியும்க்கா."

"அதுக்கும் ஒரு நாளைக்கு இப்புடி வந்தா, ஒங்ககிட்டதான் வரும். அதுகிட்ட அந்தப் பழமொழிய மட்டும் சொல்லிறாதீங்க."

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். இருமல் வந்து அந்தச் சிரிப்பை நிறுத்தியது. மூன்றாம் நாள் இறந்துபோனார்.

அவர் மறக்கவில்லை, நான்தான் சொல்லவில்லை என்று டொக்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நானும் பதறாமல்தான் இருந்தேன். அவர் மாற்றலாகிப் போய்விட்டார். அவர் நினைப்பில் அந்த அக்கா இன்னும் மறதிக்காரிதான்.

போன மாதம் அந்த மகள் வந்தது. கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலையாம், லீவில் ஊருக்கு வந்திருந்தது. அம்மாவுக்கு வந்த அதே இடத்தில் ஒரு கட்டி. புது டொக்டரும் சிங்களவர்தான். அவர் சொல்கிற ஒவ்வொரு சொல்லையும் அப்படியே சொல்லிவிட வேண்டும் என்று முன்னால் வந்து நின்றேன்.

பிள்ளை என்னைப் பார்க்கவே இல்லை. டொக்டரைப் பார்த்துச் சிங்களத்தில் தானே கேட்டது.

"பிளிகாவா டொக்டர்?"

உன் வயதுக்கு அப்படி இருப்பது அரிது, ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது, இந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்றார். பிள்ளை தலையாட்டியது. எனக்கு அங்கே வேலையே இருக்கவில்லை.

வெளியே வாங்குப் பலகையில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அதற்கு அழுகை வந்தது.

"அம்மா ஒங்களப் பத்தி சொல்லியிருக்காங்க மிஸ். நல்லா பேசுவீங்களாம். ஏதாச்சும் சொல்லுங்களேன்."

எத்தனை பேச்சு சேர்த்துவைத்திருந்தேன். அதில் ஒன்றையும் எடுக்கவில்லை. பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"காலையில ஆறே காலுக்கு ஒரு பஸ் இருக்கும்மா. நாளைக்கே போயிருங்க. அதுலயே போங்க, அடுத்ததுல இல்ல."